முதுகு மறைவு

ஜூனியர் சைக்கிள் பந்தயத்தின் பழைய படங்களைக் கொண்டுவந்து பரப்பினான் ஜெபசிங். எல்லாவற்றிலும் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போவது முத்தையாதான்; அவன் முதுகு மறைவில், களைப்பே தெரியாத முகத்தோடு ஜெபசிங். எல்லைக்கோட்டில் எடுத்த கடைசிப் படத்தில் மட்டும் ஜெபசிங்கின் சக்கரம் அரையடி முன்னால் இருந்தது.

“காத்த முழுக்க நீதாம்ல வாங்குன மக்கா. உன் முதுகு இல்லன்னா எனக்கு ஏது கப்பு?” என்று சிரித்தான் ஜெபசிங். முப்பது வருடமாகப் பெருந்தன்மையாக இதையே சொல்கிறான். முத்தையா அந்தக் கடைசிப் படத்தை மட்டும் கவிழ்த்து வைத்தான்.

டீ குடிக்க நடந்தார்கள். பாலத்தில் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. முத்தையா மெல்லப் பின்தங்கி, ஜெபசிங்கின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான்.

“எதுக்குல பின்னாலயே வாற?”

“நீ போ மக்கா,” என்றான் முத்தையா, டீக்கடைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தபடி.