கிரீச்சிடாத கதவு

பழைய மோட்டார் படகு ஒன்றைப் புதுப்பிப்பதற்காகக் கரையேற்றியிருந்தார்கள். அதன் அறைக்குள் ஒரு தேக்கு மேசையும் ஒரு பித்தளை விளக்கும் இருந்தன. அறைக் கதவைத் தச்சர் கழற்றிக்கொண்டு போய்ப் பத்து நாளாகியிருந்தது.

பதினோராம் நாள், பளபளவென்று வார்னிஷ் அடித்த ஒரு கதவைக் கொண்டுவந்து மாட்டினார்.

“யார் நீ?” என்றது மேசை.

“நான்தான், உங்க கதவு.”

“எங்க கதவு திறந்தா கிரீச்சுன்னு கத்தும். நீ கத்தலையே?”

“கீலுக்கு எண்ணெய் விட்டாங்க.”

“கேட்ட உடனே பதில் வருது பார்,” என்று விளக்கு முணுமுணுத்தது.

கதவு தவித்துப்போனது. “உன் மேல வட்டமா ஒரு தழும்பு இருக்கே, மேசை! புயலடிச்ச அன்னிக்கு மாலுமி சுடச்சுட டீ டம்ளரை வச்சதால வந்தது. நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்!”

“யாரோ நல்லா சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்காங்க,” என்றது விளக்கு. அதன்பிறகு இரண்டும் கதவோடு பேசவே இல்லை.

மறுநாள் தச்சர் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து அது தழும்பெல்லாம் இழைக்கப்பட்டு, மின்னிக்கொண்டு திரும்பி வந்தது.

“வந்துட்டியா!” என்று விளக்கு ஆவலோடு கூப்பிட்டது.

மேசை அதை மேலும் கீழும் பார்த்தது. விளக்கின் உடம்பெல்லாம் அதே பழைய பச்சைக் களிம்பு. மேசை மெல்லக் கதவிடம் கேட்டது:

“யாரு இந்த அழுக்குப் பயல்? நம்ம படகு ஆளுதானா?”

கதவு விளக்கை நிதானமாகப் பார்த்தது.

“தெரியலையே. எதுக்கும் நீ ஜாக்கிரதையா இரு.”