உலக்கை விழும்வரை

முதுகு அரித்தது. அவள் சொறியவில்லை.

கிரகணத்தில் கர்ப்பிணி சொறிந்தால் பிள்ளை உடம்பில் தழும்பு விழும் என்பது மாமியாரின் சட்டம். இன்னும் நிறையச் சட்டம் இருந்தது. எதையும் நறுக்கக் கூடாது. வெளி வெளிச்சம் மேலே படக் கூடாது. அதனால்தான் ஒன்பது மாத வயிற்றோடு இந்தச் சாமான் அறையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலை இரண்டு ஜமக்காளத்தால் அடைத்திருந்தார்கள். ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது.

பெரிய நட்சத்திரம் ஒன்று நெருங்கி வருவதாகப் பேச்சு அடிபட்டது. அத்தனை பெரிய நட்சத்திரம் இருக்கவே முடியாது என்று டிவியில் ஒருவர் அடித்துச் சொன்னார்.

சொன்ன வாரத்திலேயே அது வந்து சூரியனை மறைத்தது.

சூரியனை எது மறைத்தாலும் மாமியாருக்கு அது கிரகணம்தான். கூடத்தில் தாம்பாளம் வைத்து, தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார். கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை நிற்கும். விட்டதும் தானாக விழும். விழுந்தபிறகு குளித்துவிட்டு வெளியே வரலாம், சாப்பிடலாம்.

அந்தச் சத்தத்துக்காக அவள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு இருந்தாள்.

முதலில் தெருவில் கூச்சல் கேட்டது. பிறகு நாய்கள் ஊளையிட்டன. பிறகு நாய்களும் இல்லை.

எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன கணவனின் குரல் எதிலும் கேட்கவில்லை.

பசித்தது. தூங்கிப்போனாள். விழித்துப் பார்த்தால் சொம்பில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சொம்பு நேராகத்தான் இருந்தது.

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அத்தை, இன்னுமா விழல?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் சொன்னார்.

"நின்னுக்கிட்டுதான் இருக்கு. நீ வெளிய வந்துடாத, தாயி."

எப்போது கேட்டாலும் அதே பதில்தான். குரல்தான் போகப்போகக் களைத்துக்கொண்டே வந்தது.

அப்புறம் இடுப்பில் வலி எடுத்தது. விட்டது. மறுபடி எடுத்தது.

இனி சட்டம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுவரைப் பிடித்து எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள்.

கூடம் முழுக்கச் செங்கல் நிற வெளிச்சம். வாசல் கதவு திறந்து கிடந்தது. வெளியே வானம் என்று எதுவும் மிச்சமில்லை. எங்கே பார்த்தாலும் அந்த நட்சத்திரம்தான் இருந்தது.

தெருவிலிருந்த செருப்புகள் எல்லாம் கிழக்கே ஒரு சுவரோரம் குவிந்து கிடந்தன. போட்டிருந்தவர்கள் ஒருவரும் இல்லை.

தாம்பாளம் கவிழ்ந்து, சிந்திய தண்ணீர் எப்போதோ காய்ந்திருந்தது.

மாமியார் தரையில் உட்கார்ந்து, கிழக்கே சாயப் பார்த்த உலக்கையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். விட்டால் விழும். விழுந்தால் மருமகள் வெளியே வருவாள். அவளைப் பார்த்ததும் திருடி அகப்பட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கை கொடுத்தாள்.

வலி மறுபடி எடுத்தது. இந்த முறை விடவில்லை.

இன்னொரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே, உள்ளே இருந்த பிள்ளையிடம் சொன்னாள்.

"அவசரப்படாத, கண்ணு. உலக்கை இன்னும் நிக்குது."