ஒரு முடறு தண்ணீர்

சண்டை முடிந்து திறந்துவிட்ட காட்டுப்பாதை. பங்குனி வெயிலில் மலையடிவாரப் பாறைகள் கொதிக்கின்றன. சில்வண்டு காதைத் துளைக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டப் போட்டியின் நாற்பதாவதில், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, மனாப் உட்கார்ந்திருக்கிறான். சுனாமியன்று சாய்ந்தமருதில், கடல் துரத்திவர, அஸ்மீரின் உம்மா கைகாட்டியும் ஏற்றாமல் லொறியை விரட்டிக்கொண்டு போனவன். அஸ்மீர் அவனோடு பேசி ஆறு வருடம். இப்போது அவனைக் கடந்து ஓடுகிறான்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்!"

சலாத்துக்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. அஸ்மீர் நிற்கிறான். "வஅலைக்குமுஸ் ஸலாம்," என்கிறான், ஓர் எழுத்தும் குறையாமல்.

"ஒரு முடறு தண்ணி தா. நாக்கு ஒட்டிட்டு."

அஸ்மீர் போத்தலைத் திறக்கிறான். மனாப் கை நீட்டுகிறான். அந்தக் கையைப் பார்த்தபடியே அஸ்மீர் கடைசிச் சொட்டுவரை குடித்து, வாயைத் துடைக்கிறான்.

"தண்ணிப் பந்தல் கிட்டத்தான் மச்சான். ஓடிப் பாரு. எங்கட உம்மாவும் ஓடித்தான் பார்த்தா."