பட்டு தின்னக் கூடாதது

கேரட்டை வட்டமாக நறுக்கிவிட்டதை மூன்றாவது துண்டில்தான் கவனித்தாள்.

வட்டம் ஆட்டின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நறுக்க வேண்டும். வட்டங்களைச் சாம்பாருக்கு ஒதுக்கிவிட்டு அடுத்த கேரட்டை எடுத்தாள்.

காலையிலிருந்து உட்காரவில்லை. கணவரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டிவிட்டு, வாசல் நாற்காலிவரை நடத்திக் கொண்டுபோவதற்குள் பாதிப் பகல் போய்விடுகிறது. மீதிப் பகல் ஆட்டுக்கு.

பப்பாளித் தோல் கொடுக்கலாம்.

வாழைப்பழத் தோல் கொடுக்கலாம், ஒன்று போதும்.

குச்சிக்கிழங்குத் தோல் கூடாது. விஷம்.

சோறு கூடவே கூடாது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது பட்டு மேசைமேல் வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது.

இருவரும் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆட்டைப் பற்றி என்ன தெரியும்? பக்கவாதத்தில் அவருடைய வலது கை மூடிக்கொண்டது. பந்தை அமுக்கிப் பழகச் சொன்னார்கள். அவர் அதைத் தெருவில் எறிந்தார். யார் வீட்டு ஆடோ ஒருநாள் அந்தக் கையை முகர்ந்தது. விரல்கள் கொஞ்சம் விரிந்தன.

அந்த வாரமே இரண்டு குட்டிகள் வாங்கிவிட்டாள். பட்டு, குட்டான்.

எதிர்வீட்டில் கிரகப்பிரவேசம். மிஞ்சிய சோற்றை ஒரு தூக்குப்போசி நிறையக் கொடுத்தனுப்பினார்கள். மருந்துக்கடைக்குப் போய்விட்டு அவள் திரும்பியபோது போசி காலி. வலது கையாலேயே உருட்டி உருட்டி அத்தனையையும் பட்டுக்கு ஊட்டியிருந்தார். ஒரு வருஷத்தில் அந்தக் கை செய்த பெரிய வேலை அதுதான். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

அவளும் கைதட்டினாள், பைத்தியக்காரி.

மறுநாள் காலை, ஊசி போட்டு வருகிறேன் என்று பட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். வெறுங்கையோடு வந்தாள். வெள்ளகோவில் தங்கச்சி ஆசைப்பட்டுக் கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்றாள்.

உண்மை தெரிந்தால் அந்தக் கை திரும்ப மூடிக்கொள்ளும். அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். இவள் கெட்டிக்காரியும் இல்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். பட்டு அங்கே வேலி தாண்டியதாம். பட்டு அங்கே ஒரு பாவாடையைத் தின்றதாம். அவர் தினமும் கேட்பார், அவளும் தினமும் புதிதாக ஒன்று சொல்வாள். ஆட்டைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பொய்யைப் பார்த்துக்கொள்வதுதான் முடியவில்லை.

தீனிக் கிண்ணத்தை அவர் மடியில் வைத்தாள். அவருடைய சோற்றுத் தட்டைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனாள்.

ரசத்தோடு வந்தவள் கதவருகே நின்றுவிட்டாள்.

குட்டான் கேரட்டை விட்டுவிட்டுத் தட்டுக்கு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் இடது கையால் தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். பருக்கைகள் தோளில் உதிர்ந்தன. வலது கையை முழுக்க விரித்து, அதன் நெற்றியில் வைத்துத் தள்ளினார்.

"சோறு உனக்குச் சேராது சாமி" என்றார் குழறலாக. "பட்டுக்குச் சேரல பாரு."

அவள் ரசத்தோடு நாற்காலிப் பக்கம் வந்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை இறக்கி அவளிடம் நீட்டினார்.

"ஏம்புள்ள, வெள்ளகோயில்ல பட்டு நல்லாருக்குதாமா?"

"நல்லாருக்குதாமுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து ரசத்தை ஊற்றினாள்.