எட்டரை மணி அழைப்பு

பீல் நகரத்துக் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற உருத்திரமூர்த்திக்கு ஒரு சின்ன விஷயம் பிடிபடவில்லை. சூரிச்சில் இருக்கும் மகள் கோசலா சில காலைகளில் சரியாக எட்டரைக்கு அவரைத் தொலைபேசியில் அழைக்கிறாள். பல காலைகளில் அழைப்பதில்லை. ஏன்?

ஓடுகிற எதற்கும் ஒரு விதி இருக்கும் என்று நம்புகிறவர் அவர். பனி கொட்டிய நாட்களா? இல்லை. ஞாயிறா? அதுவும் பொருந்தவில்லை. இந்தக் குளிர்காலத்தில் அவள் அழைத்தது மூன்றே தடவை. இரண்டு தடவை அவர் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தார். மகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறதே என்று பூரித்துப் போனார். மூன்றாவது, இன்று. மனைவியின் திதி.

"அப்பா, சுகமோ?"

"ஓம் பிள்ளை. அம்மாட திதியை மறக்காமல் எடுத்திருக்கிறாய்."



"இண்டைக்கோ? மறந்திட்டன் அப்பா."

"அப்ப என்னத்துக்கு எடுத்தனி?"

"நீங்கள் இன்னும் தேத்தண்ணி வைக்கேல்லை. கேத்திலுக்கு ஒரு பிளக் பூட்டித் தந்தனெல்லோ? கேத்தில் கொதிச்சால் அது என்ரை போனுக்குச் சொல்லும். எட்டரை வரைக்கும் பாப்பன். கொதிச்சிருந்தால் நீங்கள் எழும்பிட்டியள், பிரச்சினை இல்லை. எடுக்கத் தேவையில்லை."

"அம்மாவுக்குப் படைக்க முதல் நான் ஒண்டும் குடிக்கிறேல்லை, பிள்ளை."

"ஆ, அதுதானோ. சரி, போனை வைக்கிறன்."

மறுநாள் ஆறு மணிக்கே விழித்துவிட்டார். நா வறண்டது. அடுப்படிக் கதிரையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மகளின் குரல் கேட்க வேண்டுமென்றால், எட்டரை வரைக்கும் தேநீர் வைக்காமல் இருந்தால் போதும்.