மூத்தவரின் அட்டை

"இந்த அகச்சிவப்பு ஹீட்டர் காத்தைச் சூடாக்காது, நேரா ஆளைத்தான் சூடாக்கும். யாராவது ஒருத்தர் அடையாள அட்டையைச் செருகினாத்தான் எரியும், எடுத்தா அணைஞ்சிரும். கரண்டு மிச்சம்" என்றார் கட்டட நிறுவனத்து அதிகாரி தாக்.

அவர் காட்டிய மூன்று ஹீட்டர்களில் அதற்குத்தான் எல்லோரும் கைதூக்கினோம். தென் கொரியாவின் கங்வொன் மலைக்குளிரில், கூரை மட்டும் போட்ட எங்கள் ஓய்விடத்தில் அதை மாட்டினார்கள்.

முதலில் அட்டையைச் செருகும் மரியாதை மூத்தவருக்கு. எங்கள் கம்பி கட்டும் குழுவில் அது ஓக் கில்சு அண்ணன், வயது அறுபத்து நான்கு. காப்பி கலந்தாலும் முதல் கோப்பை அவருக்குத்தான்.

அவரோ ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

"உக்காருங்கண்ணே!"

"கம்பி என்ன தானா கட்டிக்குமாடா?"

"அப்ப அட்டையாச்சும் இருக்கட்டும். நாங்க குளிர் காயணும்ல?" என்றேன் நான்.

சிரித்துக்கொண்டே விட்டுப்போவார். நாங்கள் மாறி மாறி வந்து குளிர்காய்ந்தோம். அட்டை மாலைவரை அங்கேயே இருக்கும்.

மாதக் கடைசியில் தாக் ஒரு தாளோடு வந்தார்.

"யார் அட்டை எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு ஹீட்டர்லயே பதிவாகுது. ஓக் ஐயா, நீங்க தினமும் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்திருக்கீங்க. நாளைலேர்ந்து வீட்லயே எடுத்துக்குங்க."

அண்ணன் எங்களைப் பார்த்தார். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஓய்விடத்தில் ஹீட்டர் அணைந்து கிடந்தது. கையைத் தேய்த்தபடி எங்கள் குழுவின் ப்யோன் கேட்டான்:

"சரி, இப்ப நம்மள்ல மூத்தவர் யாரு?"

எல்லோரும் மரியாதையோடு என்னைப் பார்த்தார்கள்.