காலி ரூம்

"மாடியில ரூம் எதுவும் காலி இல்ல" என்று ஷாசியா அக்கா சொன்னதும் ஜெயராணிக்கு உச்சி மண்டைக்குச் சுர்ரென்று ஏறியது.

காலி இல்லையாம். இப்போதுதானே இவளும் கணக்கெடுக்க வந்த சாரும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். வரிசையாக மூன்று ரூம். மூன்றிலும் கட்டில், மெத்தை, ஃபேன். படுக்கத்தான் ஆள் இல்லை. அக்கா புருஷன் சிங்கப்பூரில். மேட்டுத் தெருவிலுள்ள இந்த வீட்டில் இருப்பது ஷாசியாவும், பள்ளிக்கூடம் போகிற மகள் சனாவும். அவர்களும் கீழேயே படுத்துக்கொள்கிறார்கள்.

கிள்ளை ஊர் முழுக்க அப்போது காலி ரூம் கணக்கெடுப்புதான். பிச்சாவரத்தில் படகு ஏற வருகிற கூட்டம், தங்க இடமில்லாமல் பொழுது சாய்வதற்குள் சிதம்பரத்துக்கே திரும்பிவிடுகிறது. அவர்களுக்காகப் புதிதாக லாட்ஜ் கட்ட வேண்டுமா, ஊரில் சும்மா கிடக்கிற ரூம்களே போதுமா என்று பார்க்கக் கடலூர் சுற்றுலா ஆபீஸிலிருந்து மணவாளன் சார் வந்திருந்தார். அவரோடு வீடு வீடாகப் போய்க் கேட்க, மகளிர் குழுவிலிருந்து ஜெயராணியை அனுப்பினார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். ஆனாலும் வந்தாள்.

வீடுகளிலேயே ரூம் கிடைத்துவிட்டால் சமையல், துணி துவைப்பது எல்லாம் உள்ளூர்ப் பெண்களுக்குத்தான் என்று சார் சொல்லியிருந்தார். லாட்ஜ் வந்தால் லாட்ஜ்காரன் அவன் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவான்.

ஜெயராணி இப்போது போவது இறால் உரிக்கிற கம்பெனிக்கு. பால்குடி மறக்காத பிள்ளையை மாமியார் கொளஞ்சியிடம் விட்டுவிட்டுப் போகிறாள். மத்தியானமானால் மார் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனைந்தது யாருக்கும் தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து உரிப்பாள். உள்ளூரில் ஒரு வேலை கிடைத்தால் பிள்ளையைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு செய்யலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த மூன்று ரூம் வந்தால் போதும், லாட்ஜ் வேண்டாம் என்று மேலே எழுதிவிடலாம் என்று சார் சொன்ன இடத்தில்தான் ஷாசியா இல்லை என்கிறாள்.

ஒற்றை ரூமில் குடும்பம் நடத்துகிற சிங்காரம் அண்ணன்கூட, நாங்க வாசல்ல படுத்துக்குறோம், எங்க வீட்டையும் சேர்த்துக்கம்மா என்றார். இவளுக்கு என்ன கேடு?

விடும்மா, அவுங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு மணவாளன் சார் அடுத்த வீட்டுக்கு நடந்தார். ஜெயராணி நகரவில்லை.

தொண்டையிலேயே நின்றதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. ஆளில்லாத கட்டிலுக்கு ஃபேன் ஒரு கேடா என்று கேட்டாள். ஏழைங்க நாலு பேர் பொழைச்சா உங்களுக்குக் கண்ணு உறுத்துதா என்றாள். ஷாசியா முறத்தில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"பூட்டி வச்சி அழகு பாருங்க. என்னைக்காவது நீங்களும் போக்கிடம் இல்லாம ஒருத்தர் வாசல்ல நிப்பீங்க. அப்பத் தெரியும்."

கீரை உருவின கை நின்றது. ஷாசியாவின் முகம் சிவந்துவிட்டது.

"கொளஞ்சியக்கா மருமவதானே நீ? போன மழைக்குப் பிரசவத்துக்குன்னு அம்மா வூட்டுல போயி ஒக்காந்துட்ட. அதான் இவ்வளவு பேசுற. மழையில ஒங்க வூட்டு ஆளுங்க எங்க இருந்தாங்கன்னு ஒம் மாமியா சொல்லலியா?"

ஜெயராணி மாடியை நிமிர்ந்து பார்த்தாள். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் இருந்தோம் என்று மட்டும் மாமியார் சொன்ன ஞாபகம். எந்த வீடு என்று அவளும் கேட்கவில்லை.

ஷாசியா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஐப்பசி பொறந்தா ஒங்க தெருவுல இடுப்பு மட்டும் தண்ணி. ரூமை டூரிஸ்ட்டுக்கு வுட்டுட்டா, ஒன்னையும் ஒம் புள்ளையையும் எங்கடி படுக்க வைக்கிறது?"